33 டிகிரிதானே என்று கிளம்பாதீர்கள்: சிங்கப்பூர் வெயிலையும் இடிமழையையும் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் வந்தால் கும்பகோணத்திலிருந்து அம்மா ஃபோன் செய்வார். "நேற்று இங்கே 40ஐத் தொட்டுவிட்டது. உனக்கென்ன, அங்கே 33 தானே?" என்பார். அந்த நேரத்தில் நான் சமையலறை ஜன்னலோரம் மூங்கில் கழியில் துணி கோத்துக்கொண்டு நிற்பேன். மணி காலை பத்துதான் ஆகியிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். கழியில் தொங்கும் துணியைவிட நான் அதிகம் நனைந்திருப்பேன்.

அவர் சொல்லும் எண்ணும் சரி, நான் பார்க்கும் எண்ணும் சரி. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்தான் பிசகு. சிங்கப்பூரில் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, மணி என்ன, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அன்றைய நாள் எப்படிப் போகும் என்று பிடிபடும். சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் இந்த மூன்றையும் தினமும் இலவசமாகத் தருகிறது. நாமோ கைப்பேசியில் வரும் குட்டி மேகப் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கும் இடி போட்டிருக்கிறான்" என்று மூடிவிடுகிறோம். அந்த மேகப் படம் ஆண்டில் பாதி நாள் இருக்கும். இங்கே ஓர் ஆண்டில் 160க்கும் மேற்பட்ட நாள்களில் எங்கேயாவது இடி இடிக்கிறது. அதைப் பார்த்துப் பயந்தால் வெளியே போகவே முடியாது, பார்க்காமல் விட்டால் துணி காயாது.

முதல் படி: எந்தப் பருவம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே கோடை என்று ஒன்று கிடையாது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 137 கிலோமீட்டரில் இருக்கும் ஊர் இது. ஜனவரியின் சராசரி வெப்பத்துக்கும் மே மாதச் சராசரிக்கும் இடையே 2 டிகிரிகூட வித்தியாசம் இல்லை. மாறுவதெல்லாம் காற்றின் திசையும் மழை பெய்யும் நேரமும்தான்.

வானிலை ஆய்வகம் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. எனக்கு அதை நம் திருவிழாக்களோடு சேர்த்து வைத்துக்கொள்வதுதான் எளிதாக இருக்கிறது. பொங்கல் பானை வைக்கும் நாள்கள் வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமான பகுதி. டிசம்பர், ஜனவரியில் தென்சீனக் கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வேகமெடுத்து வந்தால், இரண்டு முதல் ஐந்து நாள்கள் விடாமல் நசநசவென்று பெய்யும். வெளியே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பவர்கள் கூரைக்கு ஏற்பாடு செய்யாமல் இருக்கக் கூடாது. தைப்பூசம் தள்ளி, பிப்ரவரியில் வந்தால் கதை மாறிவிடும். அது அதே பருவக்காற்றின் வறண்ட பகுதி. மழை குறைவு, காற்று உண்டு, வெயில் சுள்ளென்று அடிக்கும். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் நடப்பவருக்குத் தார்ச்சாலைதான் முதல் சோதனை. 2014இல் ஜனவரி 13 தொடங்கி பிப்ரவரி 8 வரை 27 நாள்கள் வறட்சி நீடித்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பூங்காப் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தது.

மார்ச் பிற்பாதியிலிருந்து மே வரை இடைப்பருவம். ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் பங்குனி உத்திரம் நடப்பது இதன் தொடக்கத்தில். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள்களும் இவைதான். காற்று படுத்துவிடும், பிற்பகலில் இடிமழை எழும்பும். வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பெயர்போன மாதங்கள் இவை. சிங்கப்பூரில் இதுவரை பதிவான அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரி. 1983 ஏப்ரல் 17 அன்று தெங்காவிலும், 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் அது பதிவானது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. பகலில் ஓரளவு காற்று இருக்கும், விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று வரும். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடும் கரிநிலமும் எரிந்தால் புகைமூட்டமும் கூடவே வரும். அக்டோபர், நவம்பரில் மறுபடி இடைப்பருவம். தீமிதியும் தீபாவளியும் இதில்தான் விழுகின்றன. தீபாவளிக்கு முந்தைய வாரக் கடைசியில் மாலை நான்கு மணிக்கு லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய்ப் புதுத்துணியோடு நனைந்து வந்தவர்கள் வானத்தைத் திட்டிப் பயனில்லை. அந்த மாதத்துக்கு அந்த மணி அப்படித்தான்.

இரண்டாம் படி: இரு வாரக் கண்ணோட்டத்தை வரிக்கு வரி படியுங்கள்

மாதத்தின் நடுவிலும் முடிவிலும் வானிலை ஆய்வகம் அடுத்த இரு வாரங்களுக்கான கண்ணோட்டத்தை வெளியிடுகிறது. செய்தித்தாளில் நான்கு பத்தியாக வரும். எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு.

"பெரும்பாலான நாள்களில் பிற்பகலில் தீவின் சில பகுதிகளில் குறுகிய நேர இடிமழை" என்றால், மழை உங்கள் தலையில்தான் பெய்யும் என்று பொருள் இல்லை. தீவு கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர். ஓர் இடிமேகம் அதில் ஒரு மூலையை மட்டும் நனைத்துவிட்டு முடிந்துவிடலாம். புக்கிட் தீமாவில் கால்வாய் நிரம்பி ஓடும் நேரத்தில் தெம்பனிஸில் வத்தல் காய்ந்துகொண்டிருக்கும். பொதுவாக வடக்கிலும் மேற்கிலும் மழை அதிகம், கிழக்கே போகப் போகக் குறைவு.

"விடியலுக்கு முன்பும் காலையிலும் பரவலான இடிமழை, பலத்த காற்று" என்றால் அது சுமத்ரா சூறைக்காற்று. அதற்கு மேற்கு, கிழக்கு என்ற பாகுபாடு இல்லை. தீவு முழுக்க ஒரே வாரியாக வாரிவிட்டுப் போகும்.

"சில இரவுகளில் வெப்பநிலை 28 டிகிரிக்குக் கீழே இறங்காது" என்ற வரிதான் எனக்கு முக்கியமானது. பகல் 34ஐப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. உடம்பு பகலில் பட்ட சூட்டை இரவில்தான் தணித்துக்கொள்கிறது. தென்கிழக்கிலிருந்து கடல்காற்று வெதுவெதுப்பாக வீசும் நாள்களில் தெற்கிலும் கிழக்கிலும் இருப்பவர்களுக்கு இந்த இரவுகள் வரும். மரீன் பரேட், பிடோக் பக்கம் இருப்பவர்கள் அந்த வரியைப் பார்த்ததும் மின்விசிறியைத் துடைத்து வைத்துவிடலாம்.

"மொத்த மழை சராசரியை ஒட்டி" என்பது 1991 முதல் 2020 வரையான நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்வது. இதை வைத்து எந்த நாளையும் திட்டமிட முடியாது. செடி வளர்ப்பவர்களுக்குப் பயன்படும், மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

மூன்றாம் படி: ஈரப்பத விழுக்காட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அம்மாவின் 40க்கும் என் 33க்கும் உள்ள வழக்கு இங்கேதான் தீர்கிறது.

காலை ஆறு மணிக்கு 25 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்று காட்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு 33 டிகிரி, 60 விழுக்காடு. "ஈரம் குறைந்துவிட்டது, நல்லது" என்று நினைப்போம். உண்மையில் காற்றில் இருக்கும் தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது. சூடான காற்றுக்குக் கொள்ளளவு கூடிவிட்டதால் விழுக்காடு குறைந்து தெரிகிறது. சின்னத் தம்ளரில் நிரம்பியிருந்த மோரைப் பெரிய சொம்பில் ஊற்றியதுபோல. பனி படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். மேலே சொன்ன இரண்டு வேளைக்கும் அது ஒன்றுதான், ஏறக்குறைய 24 டிகிரி.

இப்போது ஊரைப் பார்ப்போம். மதுரையிலோ திருச்சியிலோ 40 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு இருக்கும் ஒரு பிற்பகலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பனிநிலை 16 டிகிரியை ஒட்டி இருக்கும். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எவ்வளவு வரை இறங்கும் என்பதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. மதுரையின் அந்த 40 டிகிரியில் அது 24ஐ ஒட்டி இருக்கும். சிங்கப்பூரின் 33 டிகிரியிலோ 27ஐ நெருங்கும். அதாவது வியர்த்துக் குளிர்வதற்கு உடம்புக்கு இருக்கும் வழி இங்கேதான் குறுகல். அங்கே வெயில் சுடும், தோல் எரியும், நிழலுக்குப் போனால் தப்பிக்கலாம். இங்கே நிழலிலும் வியர்வை வழிந்துகொண்டே இருக்கும், காயாது. வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் உடம்புக்கு ஒரு லாபமும் இல்லை, தண்ணீர்தான் நட்டம்.

எனவே ஈரப்பத விழுக்காட்டை விட்டுவிட்டுப் பனிநிலையைப் பாருங்கள். வானிலைச் செயலிகள் பலவற்றில் அது இருக்கும். 22க்குக் கீழே என்றால் இந்த ஊருக்கு அது சொர்க்கம். 24 என்றால் வழக்கமான நாள். 25ஐத் தாண்டினால் மாடிப்படி ஏறும் வேலைகளைக்கூடத் தள்ளிப்போடலாம்.

நான்காம் படி: வெப்ப அழுத்த அளவை மணியோடு சேர்த்துப் பாருங்கள்

2023 ஜூலையிலிருந்து வானிலை ஆய்வகமும் மற்ற அரசு அமைப்புகளும் வெப்ப அழுத்த ஆலோசனை ஒன்றைத் தருகின்றன. மைஎன்வி செயலியிலும் ஆய்வகத்தின் இணையத்தளத்திலும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 31க்குக் கீழே என்றால் குறைவு. 31 முதல் 33க்குள் மிதம். 33ஐத் தொட்டால் அதிகம்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். "33 டிகிரி தினமும்தானே அடிக்கிறது, தினமுமா ஆபத்து?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இது வேறு 33. காற்றின் வெப்பநிலை அல்ல, ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை. ஈரக்குமிழ் அளவில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் சூட்டில் இரண்டு பங்கு, காற்றின் வெப்பநிலையில் ஒரு பங்கு என்று கலந்து வரும் எண் அது.

கணக்குக்காக ஒன்று போட்டுப் பார்ப்போம். ஈரக்குமிழ் 27, வெயிலில் கறுப்புக் கோளம் 46, காற்று 33. முதல் பங்கு 18.9, அடுத்தது 9.2, கடைசி 3.3. கூட்டினால் 31.4, மிதம். அதே ஆள் கூரை போட்ட நடைபாதைக்குள் வந்துவிட்டால் கோளம் 34க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 29. பத்து அடி நகர்ந்ததற்கு ஏறக்குறைய இரண்டரை டிகிரி லாபம். இந்த ஊரில் அடுக்குமாடி புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கூரை போட்டிருப்பது மழைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஈரத்தின் பங்கு 18.9 இருக்கிறதே, அதைக் கூரையால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் மணி. சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. ஏற்கெனவே முந்தியிருந்ததை 1982 தொடக்கத்தில், மலேசியாவோடு சேர்ந்து, இன்னும் அரை மணி முன்னால் தள்ளி வைத்ததன் பலன். சென்னையில் உச்சி வெயில் பன்னிரண்டை ஒட்டி என்றால் இங்கே பகல் ஒரு மணிக்கு. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள், "மூன்று மணி ஆகிவிட்டது, வெயில் தாழ்ந்திருக்கும்" என்று நடக்கக் கிளம்புவது இதனால்தான் தப்பாகப் போகிறது. சூரியனுக்கு அப்போது இரண்டு மணிகூட ஆகவில்லை. புறஊதாக் கதிர் உச்சத்தில் இருப்பது பதினொன்றிலிருந்து மூன்று வரை. ஓட்டப் பயிற்சி, சைக்கிள், பிள்ளைகளின் காற்பந்து எல்லாம் காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை ஐந்தரைக்குப் பிறகு. காலை ஏழு மணிக்குப் பனிநிலை பகலைப்போலவேதான் இருக்கும், ஆனால் கோளத்தில் சூடு இல்லை. அதுதான் காலையின் ஆதாயம்.

வெளியில் உழைப்பவர்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமல்ல, விதி. கட்டுமானத் தளம், கப்பல் பட்டறை போன்ற இடங்களில் வேலை நேரத்தில் மணிக்கு ஒரு முறையாவது இந்த அளவை எடுக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரிலிருந்து சொல்கிறது. 32ஐத் தொட்டால் கடும் உடலுழைப்பில் இருப்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33ஐத் தொட்டால் 15 நிமிடம். ஓய்வு நிழலில் இருக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கும் நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவருக்கும் குறைந்தது ஏழு நாள்கள் வேலையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: "ஊரில் வயல் வேலை பார்த்தவன், எனக்கென்ன" என்று முதல் வாரத்திலேயே மார்தட்ட வேண்டாம். ஊர் வெயிலுக்குப் பழகிய உடம்புதான், இந்த ஈரத்துக்குப் பழக அதற்கும் நாள் வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு 300 மில்லி தண்ணீராவது குடியுங்கள். நாள் முழுக்க வியர்க்கும் வேலை என்றால் உப்புப் போட்ட நீர்மோரும் கூடவே.

ஐந்தாம் படி: வெளியே போகும் முன் ராடார் படத்தை ஓட்டிப் பாருங்கள்

முன்னறிவிப்பு நான்கு அளவில் வருகிறது: இரு வாரம், நான்கு நாள், 24 மணி நேரம், 2 மணி நேரம். நாள் குறுகக் குறுக நம்பகம் கூடும். இங்கே இடிமேகம் எங்கிருந்தோ பயணம் செய்து வரும் விருந்தாளி அல்ல, பெரும்பாலும் நம் தலைக்கு மேலேயே பிறந்து ஒரு மணி நேரத்தில் அழிவது. ஆகவே நான்கு நாள் முன்னறிவிப்பில் சனிக்கிழமை இடி என்று இருந்தால் கல்யாண வரவேற்பைத் தள்ளிப்போடாதீர்கள். அன்று காலை ராடாரைப் பாருங்கள்.

மழைப் பகுதிப் படம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். ஒற்றைப் படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், கடந்த அரை மணி நேரத்தை ஓட்டிப் பாருங்கள். பச்சை லேசு, மஞ்சள் மிதம், சிவப்பும் ஊதாவும் கொட்டுவது. இரண்டு கோலங்களைப் பிரித்தறியப் பழகினால் போதும்.

ஒன்று, மேற்கே மலாக்கா நீரிணையில் வில்போல வளைந்த நீண்ட கோடு. அது கிழக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். இதுதான் சுமத்ரா சூறைக்காற்று. இரவில் சுமத்ராவிலோ நீரிணையின் மேலோ திரண்டு, விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் நம்மைத் தாக்கும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசக்கூடும். 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் 144.4 கிலோமீட்டர் வேகம் பதிவானது. அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. 2024 செப்டம்பர் 17 மாலையில் வந்த சூறைக்காற்று 83 கிலோமீட்டரைத் தாண்டி மரங்களைச் சாய்த்தது. அது மாலையில் வந்தது என்பதையும் கவனியுங்கள், காலையில் மட்டும்தான் வரும் என்று சத்தியம் செய்ய முடியாது. கோடு ஜூரோங்குக்கு மேற்கே தெரிந்தால் பொங்கோலில் இருப்பவருக்கு இன்னும் சற்று அவகாசம் உண்டு. அதற்குள் மூங்கில் கழிகளை உள்ளே இழுங்கள், தாழ்வாரத்துப் பூந்தொட்டிகளைக் கீழே இறக்குங்கள், ஜன்னல்களைப் பூட்டுங்கள். கழி பிய்த்துக்கொண்டு கீழே போனால் துணியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், கீழே நடந்தவரைப் பற்றித்தான் கேட்பார்கள்.

மற்றது, காலையில் படம் சுத்தமாக இருக்கும். பதினொன்றரைக்கு ஜோகூர் மேலே இரண்டு பொட்டு. பன்னிரண்டரைக்குத் தீவின் நடுவில் ஒரு பொட்டு. ஒரு மணிக்கு அது சிவந்து பெரிதாகும், ஆனால் அதிகம் நகராது. இது இடைப்பருவப் பிற்பகல் மழை. நிலம் சுட்டு, இரு பக்கக் கடல்காற்றும் நடுவில் மோதி, ஈரம் மேலே எழும்பிக் கொட்டுவது. காற்று பலவீனமாக இருப்பதால் நின்ற இடத்திலேயே பொழியும், கால்வாய் நிரம்பித் திடீர் வெள்ளம் வருவதும் இதனால்தான். இந்த மழைக்கு ஓடி ஒளிவது எளிது. பெரும்பாலும் முக்கால் மணி நேரம் காப்பிக்கடையில் உட்கார்ந்தால் முடிந்துவிடும். டாக்சிக்கு அலைந்து இரட்டைக் கட்டணம் கொடுப்பதைவிட ஒரு தே தாரேக் மலிவு.

நான் ஒரு முறை ராடாரைப் பார்க்காமல் காலை வெயிலை நம்பிப் போர்வை முதற்கொண்டு துவைத்துப் போட்டுவிட்டு உட்லண்ட்ஸில் உறவினர் வீட்டு விருந்துக்குப் போனேன். அங்கே பாயசம் வரும் வரை வானம் நீலம். வீடு திரும்பியபோது போர்வை தண்ணீர் சொட்டி, கீழ்வீட்டு அக்காவின் காய்ந்த துணியையும் நனைத்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

திடீர் வெள்ளத்துக்கு நீண்ட பாடம் தேவையில்லை. கடும் மழையும் கடலின் உயர் அலையும் ஒரே நேரத்தில் வந்தால் தாழ்வான சாலைகளில் தண்ணீர் நிற்கும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வெள்ள எச்சரிக்கை டெலிகிராமிலும் மைஎன்வியிலும் வரும். கலங்கிய நீருக்கு அடியில் சாக்கடை விளிம்பு எங்கே என்று தெரியாது, இறங்க வேண்டாம்.

ஆறாம் படி: இடிச் சத்தத்தை எண்ணுங்கள்

தேசியச் சேவை செய்த பையன்களிடம் "கேட் ஒன்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். மின்னல் அபாயம், வெளிப்பயிற்சி நிறுத்தம், கூரைக்குள் உட்கார்ந்திருக்கலாம் என்று அதற்குப் பொருள். ராணுவமே ஒதுங்கும்போது நம் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட்டம் மட்டும் ஏன் இன்னும் இரண்டு ஓவர் என்று இழுத்துக்கொண்டு நிற்கிறதோ தெரியவில்லை.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் திடலில் விழலாம். மழை தொடங்கும்வரை காத்திருப்பது தவறு, மழைக்கு முன்னாலேயே மின்னல் விழும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே திரும்ப இறங்க வேண்டும். புளோக்கின் கீழ்த்தளம், கடைத்தொகுதி, கதவும் ஜன்னலும் மூடிய கார் எல்லாம் சரி. தனி மரம் கூடவே கூடாது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் இருக்கும் நாலு கால் கூரை மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. நீச்சல் குளத்தில் எச்சரிக்கை ஒலி கேட்டால் பிள்ளைகளின் கெஞ்சலுக்கு இரங்காமல் வெளியே ஏற்றுங்கள்.

ஏழாம் படி: இரவைத் தயார் செய்யுங்கள்

பகல் முழுக்க வெயில் குடித்த சிமெண்டுச் சுவர் இரவில்தான் அதைக் கக்குகிறது. நெருக்கமான கட்டடங்கள் உள்ள பகுதிக்கும் மரங்கள் மண்டிய பகுதிக்கும் இரவில் 7 டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம். மேற்கு பார்த்த அறை என்றால் கேட்கவே வேண்டாம். பிற்பகல் இரண்டிலிருந்து ஆறு வரை திரையை இழுத்து மூடி வையுங்கள். வெயில் உள்ளே விழுந்த பிறகு மூடுவதில் பயன் பாதிதான்.

சூரியன் இறங்கியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். காற்று தானாக ஓடாவிட்டால் ஒரு மின்விசிறியை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வையுங்கள், அறைச் சூட்டை அது வெளியே தள்ளும். இந்த ஊரில் மின்விசிறி நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், அறைக் காற்று தோலின் சூட்டைவிடக் குறைவாக இருப்பது. ஏர்கான் போடுவதென்றால் 25இல் வைத்து மின்விசிறியையும் சேர்த்து ஓட்டினால் போதும். ஈரத்தை மட்டும் உறிஞ்சும் நிலை உங்கள் ஏர்கானில் இருந்தால், புழுக்கமான இரவுகளில் அதை முயன்று பாருங்கள். அறைக்குள் துணி காயப் போடாதீர்கள். அந்தத் தண்ணீர் எல்லாம் நீங்கள் சுவாசிக்கும் காற்றுக்குத்தான் போகிறது. புகைமூட்ட நாள்களில் மட்டும் ஜன்னல் விதி தலைகீழ்: மூடியே இருக்கட்டும்.

வயதானவர்களை இரவு படுக்கும் முன் ஒரு முறையும் காலையில் ஒரு முறையும் பாருங்கள். தாத்தா பாட்டிகளுக்குத் தாகம் தெரிவது குறைவு. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எப்போது 995ஐ அழைப்பது

தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, அளவுக்கு மீறிய வியர்வை இவை வெப்பக் களைப்பு. நிழல், தண்ணீர், ஓய்வு போதும். பேச்சு குழறுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, தள்ளாடுவது, வலிப்பு, நினைவு தப்புவது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்சூடு 40ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோ போயிருக்கும். "வியர்க்கிறதே, அப்படியென்றால் ஒன்றும் இல்லை" என்று நினைக்காதீர்கள். உழைப்பிலோ ஓட்டத்திலோ வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

995ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்வியுங்கள். மேலாடையைத் தளர்த்தி, கிடைத்த தண்ணீரை ஊற்றி, அட்டையோ துண்டோ வைத்து விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். பாரசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது.

ஒரு சனிக்கிழமையை எப்படி நடத்துவது

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறே முக்காலுக்குக் காப்பியோடு ராடார்: நீரிணையில் கோடு இல்லை. 24 மணி நேர முன்னறிவிப்பு: பிற்பகலில் இடிமழை. பனிநிலை 25. துணியை ஏழு மணிக்கே கழியில் போட்டாயிற்று. எட்டுக்குத் தேக்கா ஈரச்சந்தை, மீனும் முருங்கையும் வாங்கிக்கொண்டு ஒன்பதரைக்குள் வீடு. பத்தரைக்கு வெப்ப அழுத்தம் மிதம் என்று மாறுகிறது. மேற்கு அறைத் திரையைப் பன்னிரண்டுக்கே இழுத்துவிடுகிறோம். பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி ராடார், ஜோகூர் மேலே மூன்று பொட்டு. துணியைத் தொட்டுப் பார்த்தால் ஜீன்ஸைத் தவிர எல்லாம் காய்ந்திருக்கிறது. ஜீன்ஸோடு சேர்த்து உள்ளே எடுத்துவிடுகிறோம். இரண்டு இருபதுக்கு முதல் இடி. மூன்று மணிக்கு எதிர்ப்புளோக் தெரியாத அளவுக்குக் கொட்டுகிறது. கடைசி இடி கேட்டது நாலு ஐம்பதுக்கு. "மழைதான் நின்றுவிட்டதே" என்று சின்னவன் ஐந்து மணியிலிருந்து கதவருகே பந்தோடு நிற்கிறான். ஐந்து இருபதுக்குத்தான் கீழே விட்டேன்.